ஏழே முக்கால் அடி

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நேற்று போனில் நான் ஃபேன் என்று சொன்னது உங்கள் காதில் பேன் என்று விழுந்து, நெருக்கமான பல் வைத்த சீப்பால் தினமும் வாரச் சொன்னீர்கள். யார் தலையில் என்றும் அக்கறையாக விசாரித்தீர்கள். நான் தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னதில், என் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வந்து பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் அம்மா மிரண்டுபோய் நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் என்னைத்தான் திட்டினார். நூற்பாலை மிஷின்களோடு காலம் முழுக்க வேலை பார்த்த காதை நான் குறை சொல்லவில்லை. இனிமேல் எழுதிவிடுகிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. என் மகன் அவர்கள் வீட்டில் ஒரு அறைக்கு சீலிங் ஃபேன் வேண்டும் என்கிறான். உங்களுக்குத்தான் தெரியுமே, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு, கூரை தாழ்வு. எவ்வளவு உயரம் என்று கேட்டால் அடிக்கணக்கு சொல்லத் தெரியவில்லை. "நான் கையத் தூக்கினா உள்ளங்கை முழுசா பதியுதும்மா" என்கிறான். அவனோ ஒட்டடைக் கம்பு. அவன் கை எந்த வீட்டில்தான் பதியாது? ஒரு உத்திரம் வேறு குறுக்கே ஓடுகிறதாம்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். நீளத் தண்டு, குட்டைத் தண்டு, தண்டே இல்லாமல் பல்லி மாதிரி கூரையோடு ஒட்டிக்கொள்வது, மூன்று இறக்கை, ஐந்து இறக்கை என்று கடைக்காரர் காட்டிக்கொண்டே போனார். ஃபேன் சுற்றுவதற்கு முன்னால் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மகனைக் கேட்டால், "உனக்கு எது புடிக்குதோ அத எடு" என்கிறான். அவன் வீட்டு ஃபேன் எனக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது? கேட்டதற்குச் சிரிக்கிறான்.

நீங்கள் மெக்கானிக்காக இருந்தவர். எதை வாங்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேன் விஷயத்துக்கு வருந்துகிறேன். பல் டாக்டர் அம்மாவிடமும் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

தாழ்ந்த கூரைக்கு ஃபேன் வாங்குவதில் இரண்டு பக்கமும் இடி. நின்றுகொண்டு ஒருவர் சட்டையைக் கழற்றினால் கை மேலே போகும். ஆகவே தரைக்கும் இறக்கைக்கும் நடுவில் ஏழு அடியாவது வேண்டும். அதற்குப் பயந்து கூரையோடு ஒட்ட வைத்தால், இறக்கைக்கு மேலே காற்று இருக்காது. மேலே இருக்கிற காற்றை இழுத்துத்தானே அது கீழே தள்ள வேண்டும்? இடம் கொடுக்காவிட்டால் சும்மா சுற்றும், சத்தம் மட்டும் வரும். அப்படியும் நான் தண்டில்லாத ஒட்டு ஃபேனையே சொல்வேன். காற்று குறைந்தால் வியர்க்கும், துடைத்துக்கொள்ளலாம். விரல் போனால் போனதுதான்.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம். போன வாரம் என் பெண் பாப்பாவும் ஒரு அறைக்கு ஃபேன் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டாள். அவள் டேப் வைத்து அளந்து ஏழே முக்கால் அடி என்று எழுதி அனுப்பினாள். உத்திரம் எதையும் அவள் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும் என்றாள். நீங்கள் சொல்வதும் அவள் சொல்வதும் ஒரே அறையா, வேறு வேறா? படுக்கையறையில் ஏற்கெனவே ஒரு ஃபேன் இருக்கிறது. அவர்கள் குடிபோனபோது நானே மாட்டியது.

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நான்தான். அடுப்பில் பால் வைத்துவிட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டுத் தபால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து வந்தார். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் ஆகவில்லை. இதைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வீட்டில் எத்தனை அறை? ஹால், படுக்கையறை, சாமான் போட்டு வைத்திருக்கிற சின்ன அறை, சமையலறை. ஹாலில் ஃபேன் இருக்கிறது. படுக்கையறையில் நீங்கள் மாட்டியது இருக்கிறது. இரண்டு பேர் குடியிருக்கிற வீட்டில் இவனுக்கு ஒரு ஃபேன், அவளுக்கு ஒரு ஃபேன் என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டால் நான் என்ன நினைப்பது?

மனசு கேட்காமல் மகனுக்குப் போன் செய்தேன். எங்கேடா படுக்கிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். "ஹால்ல" என்றான். ஏன் என்றதற்குக் காற்று நன்றாக வருகிறதாம். மருமகளிடம் போனைக் கொடு என்றால் வெளியே போயிருக்கிறாள் என்கிறான். சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவன் கழுவுகிறவன் இல்லை, நான் வளர்த்த பிள்ளை எனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. என்ன நடக்கிறது அங்கே? உங்கள் பெண் உங்களிடம் எதுவும் சொல்லவில்லையா? அப்பாவிடம் பெண் பிள்ளைகள் சொல்வார்கள் என்பார்கள்.

ஃபேன் வாங்கி அனுப்பிவிட்டேன். குட்டைத் தண்டு வைத்தது. ஒட்டு ஃபேனைக் கடையில் ஓடவிட்டுப் பார்த்தேன், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ரீங்காரம். அதற்குக் கீழே யார் தூங்குவது? பாலை அடுப்பில் வைத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சம்பந்தி


மார்ச் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் சொல்லாமல் சொன்ன ஒன்று இருக்கிறது. என் பெண் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல வைத்தாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை என்று சொன்னது உங்கள் மகன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் மேல் அதில் என்ன குற்றம்?

நானும் கேட்டேன். "அப்பா, ஃபேன் பத்தி மட்டும் பேசுங்க" என்று பாப்பா செய்தி அனுப்பினாள். அவள் என்னோடு அப்படிப் பேசுகிறவள் இல்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா இருந்திருந்தால் இதை எனக்கு எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லியிருப்பாள்.

ஆகவே ஃபேனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் வாங்கிய குட்டைத் தண்டு ஃபேன் அந்த உயரத்துக்குத் தவறு. ஏழே முக்காலில் தண்டு, மோட்டார் எல்லாம் போக இறக்கை எங்கே நிற்கும் என்று நீங்கள் கணக்குப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை இருக்கிற உயரத்துக்குச் சோம்பல் முறித்தாலே ஆபத்து. என்னைக் கேட்டுவிட்டு, நான் சொன்னதற்கு எதிராக வாங்குவதென்றால் கேட்டிருக்கவே வேண்டாம். ரீங்காரம் கேட்கும் என்கிறீர்கள். கேட்கிறவர்களுக்குத்தானே அந்தக் கவலை.

நான் ஒட்டு ஃபேன் ஒன்று வாங்கிப் பாப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். எந்த அறைக்கு என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 31

சம்பந்தி அவர்களுக்கு,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். நான் அங்கே போய் வந்துவிட்டேன். பல் டாக்டர் அம்மாவுக்கு லீவு சொல்லிவிட்டு, யாருக்கும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன்.

இரண்டு அறை இல்லை. ஒரே அறைதான். சாமான் அறை. சாமானெல்லாம் காலி செய்து, வெள்ளையடித்து, ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் உங்கள் ஃபேன் ஒரு பெட்டி, என் ஃபேன் ஒரு பெட்டி, இரண்டும் பிரிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே நீங்கள் சொன்ன தண்ணீர்த் தொட்டி. கதவுப் பக்கம் என் மகன் சொன்ன உத்திரம். அவன் உத்திரத்துக்குக் கீழே நின்று கையைத் தூக்கியிருக்கிறான். அவள் ஜன்னல் பக்கம் டேப் பிடித்திருக்கிறாள். இரண்டு பேர் சொன்னதும் சரி.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு. இது எதற்கு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டுப் பெண் வந்து வாசல் மணியை அழுத்தினாள். பல்பு எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி அடித்தால் கேட்காதவருக்கு அந்த அறை.

மருமகளிடம் கேட்டேன். அழவில்லை, கொஞ்சம் முகம் சிவந்தது. "அத்தை, உங்களுக்கு இடம் இல்லன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா வீடு முழுக்கப் புகை வந்தும் அப்பாவுக்குத் தெரியல. தபால்காரர் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

எனக்கு இடமா என்று நான் விழித்தேன். அப்புறம் மகன் என்னைக் கீழே கூட்டிப் போனான். கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்த ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறான். சுவரில் அம்பு வரைந்து, என் கார் நம்பரைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறான். போன வருடம் கற்றுக்கொள்ள வந்த ஒருத்தி சுவரில் மோதி எனக்குத் தோள்பட்டை எலும்பு விலகியதே, அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லையாம். "தெரியாதவங்க கையில ஸ்டியரிங்கக் குடுத்துட்டு நீ பக்கத்துல உக்காந்திருக்க. எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குதும்மா" என்றான்.

ஆக, அவன் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறான். அவள் உங்களை. ஒரு அறை. நாம் வரமாட்டேன் என்போம் என்று பயந்து, முதலில் ஃபேனை வாங்க வைத்துவிட்டால் அறை நம்முடையதாகிவிடும் என்று ஆளுக்கொரு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதில்தான் சண்டை. அவன் ஹாலில் படுக்கிறான், அவள் படுக்கையறையில். காப்பி குடிக்கக் கூப்பிடுவதற்குக்கூட என்னைத்தான் நடுவில் அனுப்பினார்கள்.

நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன். வரும் வழியில் பழகிய திருப்பத்தையே தவறவிட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சம்பந்தி


ஏப்ரல் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது எப்படி வருகிறதோ தெரியவில்லை.

முதலில் உங்களிடம் கடுமையாக எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றியும் நான் மனதுக்குள் ஏதேதோ நினைத்தேன். அவருடைய அம்மாவை அவர் கூப்பிடுவதில் தப்பென்ன இருக்கிறது? அறை உங்களுடையது. அதில் பேச்சே இல்லை. பாப்பாவுக்கு நான் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. புகை வந்தால் விளக்கு எரிகிற கருவி கடையில் கிடைக்கிறதாம். தபால்காரர் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அவருக்கு என்னிடம் இவ்வளவு அக்கறை இருப்பதே சமீபத்தில்தான் தெரிந்தது, அவர் போன் செய்ததும் உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பிறகு அவர் முழங்காலைப் பார்த்ததும் பேசிவிட்டேன்.

ஆசையே இல்லை என்று எழுதினால் அது பொய். சிவப்பு பல்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. என் பெண் ஏணி போட்டு ஏறி, வயர் இழுத்து, எனக்காக அதை மாட்டியிருக்கிறாள். உடனே வெட்கமாகிவிட்டது. ஒரு மனிதன் கிழவனாகிவிட்டான் என்று சுவரில் பல்பு போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறதே. அடுத்த நிமிடம் திரும்பவும் சந்தோஷம். சாப்பிட உட்கார்ந்தால் இது, படுத்தால் அது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கே தெரியவில்லை அம்மா.

நீங்கள் போய் இருங்கள். தோள்பட்டைக்கும் ஓய்வு. ஒட்டு ஃபேன் சத்தம் உங்களுக்குப் பிடிக்காது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறேன். அதற்குப் பதில் சுவரில் மாட்டுகிற ஃபேன் பாருங்கள். கூரையைப் பற்றிய கவலையே இல்லை.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 15

சம்பந்தி அவர்களுக்கு,

நன்றாக உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் அங்கே போகவில்லை. போவதாக இல்லை.

நான் விட்டுக்கொடுத்ததாக, தியாகம் செய்ததாக நீங்கள் பதில் எழுதினால் அடுத்த கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன். விட்டுக்கொடுக்க ஒருவருக்கு அது வேண்டியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். மெத்தை நன்றாக இருந்தது. ஜன்னல் வழியாகக் காற்றும் வந்தது. என் பிள்ளை என்னை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது உள்ளே இனித்தது. ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கு இங்கே உட்கார்ந்து என்ன செய்வேன் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் வரவே இல்லை. இப்போது எழுதும்போதும் வரவில்லை.

நேற்று மகன் என்னைக் கூட்டிப் போக வந்தான். காரில் ஏறச் சொல்லி, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குள் பேசினால் அவன் நின்றுகொண்டு பேசுவான், அண்ணாந்து பார்த்து என் கழுத்து வலிக்கும்.

"நான் வரலடா" என்றேன்.

"மாமாவுக்காகவா?"

"இல்ல. எனக்காகத்தான்."

"எங்க மேல கோபமா?"

"இல்லடா. எனக்கு இங்க இருக்கணும்."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டதா என்ன? தோள் இன்னமும் மழைக்கு வலிக்கிறது. தனியாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் இல்லை. ஆனால் பல் டாக்டர் அம்மாவுக்கு இன்னும் ரிவர்ஸ் வரவில்லை. வாய்க்குள் கண்ணாடியை விட்டு எத்தனை பல்லைப் பார்த்தவர், காரின் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சும்மா படுத்திருக்க எனக்கு ஆகாது. பெரிய காரணமாக ஏதாவது இருந்தால் சொல்ல வசதியாக இருக்கும். இல்லை.

திரும்பி வரும்போது சிக்னலில், "நீ ஒத்துக்க மாட்டேன்னு அவ சொன்னா" என்றான். மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அவர்கள் இரண்டு பேரும் எப்போது பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் போங்கள். ஒட்டு ஃபேனை ஜன்னல் பக்கம் மாட்டச் சொல்லுங்கள், உத்திரத்திலிருந்து தள்ளி. என் ஃபேனை இங்கே அனுப்பிவிடச் சொல்லிவிட்டேன். இங்கே என் ஆபீஸ் அறைக்கு அது போதும்.

சம்பந்தி


மே 2

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மகன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் பெண் வீட்டிலிருந்து என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், எது சரி என்று தெரியவில்லை.

வந்து ஒரு வாரம் ஆகிறது. நீங்கள் சொன்னபடி எந்தப் பெரிய வார்த்தையும் எழுதமாட்டேன். ஆனால் உங்களை முழுதாக நம்பவும் முடியவில்லை. படுத்தால், இது இன்னொருவர் கட்டில் என்று தோன்றுகிறது. இங்கே எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லாததால், கீழ் வீட்டுக்காரர்களின் மிக்ஸியை வாங்கிக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

ஃபேனை நேற்றுத்தான் மாட்டினோம். மாப்பிள்ளைக்கு ஏணியே தேவைப்படவில்லை, சின்ன முக்காலி போதும். நான் கீழே நின்று சொல்ல, அவர் மேலே பிடிக்க, பாப்பா ஸ்குரூ எடுத்துக் கொடுத்தாள். வந்ததிலிருந்து அவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவள் எனக்குச் சொல்வாள், எனக்குப் பாதி கேட்காது, நான் அதை வேறு ஏதோவாக அவரிடம் சொல்வேன். நேற்று மோட்டாரின் கனம் தாங்காமல் மாப்பிள்ளையின் கை நடுங்கியது. பாப்பா கட்டில்மேல் தாவி ஏறி, தன் கையையும் கொடுத்து, "விடாத, நான் புடிச்சிருக்கேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, நானும் கேட்க முயற்சி செய்யவில்லை. ஸ்விட்சைப் போட்டால் காற்று வரவே இல்லை. இறக்கைகளைத் தலைகீழாக முடுக்கியிருந்தோம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்ட எனக்குத்தான் அவமானம். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாப்பிடும்போது பாப்பா கேட்டாள். "அப்பா, நிஜமா சொல்லுங்க. அத்தை எங்க மேல வருத்தத்துலதான வரல? உங்களுக்காக விட்டுக்குடுத்துட்டாங்களா?"

மாப்பிள்ளையும் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. கேட்பவர்களுக்கும் அது எளிதாகப் புரியும். ஆனால் உங்கள் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"இல்லம்மா. அவங்களுக்கு அங்க வேலை இருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார். பாப்பா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நான் சொன்னது சரிதானா? ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள்,
சம்பந்தி